துளிக் குருதி தந்த கணக்கு

கல்லூரிக் கல்வியைக் கடைவரை முடிக்காதவன் நான். கணக்கென்றாலே காத தூரம் ஓடியவன். எனினும், இன்று ஒரு கணக்கைத்தான் உங்கள்முன் வைக்கப் போகிறேன்.

மனக்கண்முன் ஒரு காட்சியை நிறுத்துங்கள் (நாடகம் எழுதிப் பழகிய கை, பொறுத்தருள்க!). கூரை வீட்டுத் திண்ணை. அளவுப் பலகையுடன் ஒரு பெண் அலுவலர். இரண்டு வயது நிரம்பாத மகவைக் கிடத்தி நீளம் அளக்கிறார். மூத்ததை நிறுத்தி உயரம் அளக்கிறார். எடை பார்க்கிறார். பின்பு தாயின் விரல் நுனியில் ஊசி. ஒரு துளிச் செங்குருதி.

"எதற்கம்மா இது?"

"நாட்டுக் கணக்குக்கு, தாயே!"

அந்தக் கணக்கே தேசியக் குடும்பநல ஆய்வு. 1992-93இல் தொடங்கியது. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்று, ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட இல்லங்களின் படியேறியது. உரைத்தது என்ன? ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் எய்தாதோர்! 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்த சோகையர்! 2015-16இல் இது 53.1. முன்னேறுகிறது நாடு என்கின்றனர். முகம் வெளிறி நிற்கிறாள் தாய்!

தமிழகம் தப்பிற்றா? உயரம் குன்றிய பிள்ளைகள் இங்கே 25 விழுக்காடு. பிள்ளைக்குச் சோறிட்ட மண்ணல்லவா, மகிழ்வோம். ஆனால் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை. இனிக்கும் எண்ணை மேடையில் முழக்கி, கசக்கும் எண்ணை மடியில் மறைப்பது நமக்கு அழகன்று.

மறைப்பதைவிட எளிய வழியொன்றும் உண்டு, அளக்காமலே விடுவது! 1972இல் தோன்றி, மக்கள் உண்பதை ஆராய்ந்துவந்த தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு 2015இல் மூடப்பட்டது. ஆறாம் சுற்றுக் குடும்பநல ஆய்விலிருந்தோ, இரத்த சோகை அளவே நீக்கப்பட்டது. விரல் நுனிக் குருதி பிழைகாட்டும், நாளத்திலிருந்து எடுப்பதே சரி, அதற்கு வேறோர் ஆய்வு உண்டு என்று விளக்கமும் வந்தது. அதில் அறிவியல் இல்லாமலில்லை, ஒப்புகிறேன். ஆனால் பழைய கோலையும் புதிய கோலையும் ஒரு சுற்றிலேனும் அருகருகே வைத்து அளந்திருக்கலாகாதா? கோலே மாறியபின், 57 ஏறியதா, இறங்கியதா? எதனோடு எதை ஒப்பிடுவது?

ஐந்தாம் சுற்று 707 மாவட்டங்களின் நிலையைத் தனித்தனியே தந்திருக்கிறது. உங்கள் மாவட்டத்துத் தாளைத் தேடி எடுங்கள், தோழர்களே! அடுத்த கூட்டத்தில், மாலை சூட்டுமுன், அதை உரக்கப் படியுங்கள். அளவுப் பலகையுடன் எவரேனும் உங்கள் தெருவுக்கு வந்தால், முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள்.