யாரும் கேட்காத வார்டு



இன்று தாதியராகப் பட்டம் பெறும் தங்கைகளே, தம்பிகளே, உங்களிடம் எந்த வார்டு வேண்டும் என்று கேட்டால் பிரசவ வார்டு என்பீர்கள், அவசரப் பிரிவு என்பீர்கள், கொஞ்சம் தைரியம் உள்ளவர்கள் சிங்கப்பூர் என்பீர்கள். சிரிக்கிறீர்கள், ஆகவே உண்மைதான். புற்றுநோய் வார்டு வேண்டும் என்று கேட்டு வந்தவர்களை என் பணிக்காலத்தில் அதிகம் பார்த்ததில்லை. நான் பேசப்போவது அந்த வார்டைப் பற்றி.

நம் மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 2012 முதல் 2016 வரை 115,238 புதிய நோயாளிகளைக் கணக்கெடுத்தது. நோயின் கட்டம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 63.7 பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டார்கள். முந்தைய ஐந்தாண்டுகளைவிட இது கூடுதல். இயந்திரம் இல்லாததாலா, டாக்டர் இல்லாததாலா என்று விவாதிப்பார்கள். அதுவும் உண்டு. ஆனால் மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் ஒரு பெண் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். மகள் கல்யாணம் முடியட்டும், தைப்பூசம் போகட்டும் என்று தள்ளிப் போடுகிறாள். யாரோ சொன்ன நாட்டு மருந்தைக் குடிக்கிறாள். பிறகு ஐந்து வெள்ளி கட்டி ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு வந்தால், மேமோகிராமுக்கு ஒரு தேதி, பயாப்சிக்கு ஒரு தேதி, முடிவைச் சொல்ல ஒரு தேதி. ஒவ்வொரு தேதிக்கும் நடுவில் சிலர் காணாமல் போகிறார்கள்.

இதைக் கிள்ளானில் சரிசெய்து பார்த்தார்கள். தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோயாளிகளுக்கென்றே வழிகாட்டும் திட்டம் ஒன்றை கேன்சர் ரிசர்ச் மலேசியா தொடங்கியது. பயிற்சி பெற்ற தாதியரும் சமூகப் பணியாளர்களும் முதல் நாளிலிருந்தே நோயாளியோடு கூட வந்தார்கள். முதல் ஆண்டின் முடிவுகள் 2018இல் ஆய்விதழில் வெளியாயின. உரிய காலத்துக்குள் மேமோகிராம் எடுத்தவர்கள் நூற்றுக்கு 74.4 ஆக இருந்தது 96.4 ஆனது. சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் 11.5இலிருந்து 4.4ஆகக் குறைந்தார்கள். இதற்குப் புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை. தேதி தவறினால் விசாரிக்க ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

அந்த ஆள் செய்யும் வேலையைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். டாக்டர் மலாயில் விளக்குவார், பாட்டி தலையாட்டுவார். அறையை விட்டு வெளியே வந்ததும், "பாட்டி, டாக்டர் என்னா சொன்னாரு?" என்று கேளுங்கள். "தெரியலம்மா, நல்லாயிடும்னாரு." அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது. ஆபரேஷனுக்கு முன் தாலியைக் கழற்றச் சொன்னால் அழும் அக்காவிடம் யார் பேசுவது? முடிவெடுக்கும் கணவர் வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருப்பார். அவரை உள்ளே கூட்டி வருவது யார்? பிரிக்பீல்ட்ஸில் இருப்பவருக்கு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை பக்கம். ஆனால் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வருபவர் வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள், கொமுட்டர் ஏறி வர வேண்டும். பேரப்பிள்ளையை யாரிடம் விடுவது என்பதும் சிகிச்சைத் திட்டத்தில் சேர்த்திதான்.

இரக்கம் இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டாக்சோரூபிசின் சிவப்பு மருந்து. ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதை வெந்து புண்ணாகிவிடும். ஏற்றும்போது ஊசி இருக்கும் இடத்தை விட்டுக் கண் எடுக்கக்கூடாது. கீமோ போட்டு ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சல் 38ஐத் தொட்டால் பெனடோல் போட்டுத் தூங்க விடக்கூடாது, உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே வரிசையில் காக்க வைக்காதீர்கள் என்று நீங்களே போன் செய்ய வேண்டும். தோட்டத்து ஆயாக்கள் வெற்றிலையோடு புகையிலை போட்டுப் பழகியவர்கள். வாய்ப்புற்றுநோய் நம் இந்தியப் பெண்களிடம் அதிகம் இருப்பதற்கு அது முக்கியக் காரணம். கதிர்வீச்சுச் சிகிச்சையில் வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாதவருக்கு என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதெல்லாம் தனியாகப் படித்தால்தான் வரும்.

மோர்ஃபின் என்றாலே வீட்டார் பயப்படுவார்கள், "முடிஞ்சிருச்சா மிஸ்ஸி?" என்பார்கள். இல்லை, வலிக்குத்தான் என்று புரியவைத்து, மலச்சிக்கலுக்கு மருந்தையும் அன்றே சேர்த்துத் தொடங்கச் சொல்ல வேண்டும். 1991இல் தொடங்கி, இப்போது செராஸில் இயங்கும் ஹோஸ்பிஸ் மலேசியாவின் தாதியர் இதற்காகக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க வீடு வீடாகப் போகிறார்கள், இலவசமாக. அவர்களோடு ஒருநாள் போய்வரக் கேட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குள் கிடைக்காத படிப்பு அது.

முன்வரிசையில் இருக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. போஸ்ட் பேசிக் படித்து, கீமோவும் பயின்று, நோயாளிகளின் நம்பிக்கையையும் சம்பாதித்த தாதியை ஆள் பற்றாக்குறை என்று சொல்லி வேறு வார்டுக்கு மாற்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பற்றாக்குறை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கடிதத்தோடு பல வருடப் பழக்கம் போய்விடுகிறது. பிரிட்டனில் 1975 முதல் மெக்மில்லன் அமைப்பு புற்றுநோய்த் தாதியருக்கென்றே தனிப் பணியிடங்களுக்குப் பணம் கொடுத்து வருகிறது. இன்று அங்கே அந்தத் தாதியரைத் தெரியாத வீடு குறைவு. இங்கே அப்படி ஒரு பதவியும் அதற்கேற்ற சம்பளமும் இல்லாமல், தியாகம் செய்யுங்கள் என்று இந்தப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிங்கப்பூர் போகிறவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுக் கடன் யாரை விட்டது?

இங்கேயே இருக்கப் போகிறவர்கள் புற்றுநோய்ப் பிரிவைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். இரண்டு வருடத்தில் மாற்றல் கடிதம் வந்தால், ஏன் மாற்றக்கூடாது என்று உங்கள் நோயாளிகளின் கணக்கைக் காட்டி, மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள். கிள்ளானின் கணக்கு உங்களுக்குத் துணை.

என் நேரம் முடிந்துவிட்டது என்று அறிவிப்பாளர் ஜாடை காட்டுகிறார். இனி அவர் உங்கள் பெயர்களைக் கூப்பிடட்டும். வாழ்த்துகள்.