முதலில் இடப்பக்கம் பாருங்கள்



கோடை விடுமுறையில் ஊரிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினரை நாங்கள் கட்டாயம் இன்ரர்லாக்கனுக்குக் கூட்டிப் போவோம். அங்கே ஹோஹெவேக் வீதியின் ஒரு பக்கம் ஹொட்டேல்கள், மறுபக்கம் பெரிய புல்வெளி. தூரத்தில் யுங்பிரௌ மலை. பரகிளைடரில் பறப்பவர்கள் அந்தப் புல்வெளியில் வந்து இறங்குவார்கள். எல்லோருடைய கண்ணும் மேலேதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் மாமி அங்கே மஞ்சட் கடவையில் கால் வைத்தார். ஊர்ப் பழக்கத்தில் வலப்பக்கம் பார்த்தார். கார் வந்ததோ இடப்பக்கமிருந்து. கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"மஞ்சள் கோட்டில கார் நிக்கும் எண்டு நீதானே தம்பி சொன்னனீ?" என்றார்.

சொன்னது உண்மைதான். கடக்கக் காத்து நிற்கிறார் என்று தெரிந்தாலே சாரதி வழிவிட வேண்டும் என்பது 1994 ஜூன் 1 முதல் சுவிஸ் சட்டம். ஆனால் திடீரென்று இறங்கக்கூடாது என்பதும் சட்டந்தான். நான் கணக்காளன், கணக்கைச் சொல்கிறேன். 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஒரு செக்கனில் 14 மீற்றர் ஓடும். சாரதி கண்டு பிரேக்கை மிதிக்கவே அந்த ஒரு செக்கன் போய்விடும். அவரும் மலையைப் பார்க்க வந்த சுற்றுலாப் பயணியென்றால்?

ஆகவே விருந்தினர் வந்து இறங்கியதுமே சொல்லிவிடுங்கள்: முதலில் இடப்பக்கம் பாருங்கள். சில்லு நின்ற பிறகே காலை வையுங்கள். பாதி வீதியில் வலப்பக்கமும் பாருங்கள்.

எங்கள் பிள்ளைகள் பாலர் வகுப்பிலேயே பொலிசாரிடம் படித்த பாடம் இது. மாமிமாரின் கையை அவர்களிடம் கொடுங்கள்.