கணக்குக் கேட்பதும் ஓர் அமானிதமே





அண்மையில் ஜும்ஆத் தொழுகையின் பின் ஒரு தந்தை என்னிடம் வந்தார். தமது தெருவின் வடிகாலுக்கு எவ்வளவு செலவிடப்பட்டது எனச் சபையிடம் கேட்டு அவரது மகன் விண்ணப்பம் எழுதியிருக்கிறானாம். “திரும்பி வந்து இப்பொழுதுதான் காலூன்றுகிறோம், மௌலவி. எதற்கு வம்பு? பிறர் குறையைத் துருவுவதும் மார்க்கத்தில் கூடாதல்லவா?” என்றார்.

அவரது அச்சம் எனக்கு விளங்குகிறது. 1990 ஒக்டோபர் 30இல் யாழ் நகர முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அதை அனுபவித்தவருக்குக் கேள்வி கேட்பது இலேசான காரியமன்று.

ஆயினும் மார்க்கம் தடுத்திருப்பது மனிதரின் அந்தரங்கக் குறைகளைத் தேடுவதையே. பொதுப்பணம் எவருடைய அந்தரங்கமும் அன்று, அது அமானிதம். ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், திரும்பி வந்து ஒரு பகுதியைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என்றபோது, நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோர் வீட்டில் இருந்திருந்தால் அது தேடி வந்திருக்குமா என மக்கள் முன்னிலையில் வினவினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. குர்ஆனின் மிக நீண்ட வசனமும் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதே.

இந்தியாவின் இராஜஸ்தானில் 1994 முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பின் கூலித் தொழிலாளரும் சிறு விவசாயிகளும் ஊர் கூட்டி, பஞ்சாயத்து வேலைகளின் கணக்கை உரக்க வாசித்தனர். வேலை செய்யாதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. அந்தப் போராட்டமே 2005ஆம் ஆண்டின் இந்தியத் தகவல் உரிமைச் சட்டத்திற்கு வித்திட்டது.

நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. மாநகர சபையும் பிரதேச சபையும் அதற்குக் கட்டுப்பட்டவை. எந்தப் பிரஜையும் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேட்கலாம். காரணம் கூறத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்கப்பட வேண்டும். மறுக்கப்பட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

இளைஞர்களே! கேட்பதற்கும் ஒழுக்கம் உண்டு. ஆவணம் கைக்கு வருமுன் எவரையும் கள்வன் என்னாதீர்கள்; அது அவதூறு. “ஊழல் செய்தீர்களா?” எனக் கேட்காமல், “இந்த வடிகாலின் மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தகாரருக்குக் கொடுத்தது எவ்வளவு?” எனக் கேளுங்கள். கணக்குச் சரியாக இருந்தால் அதையும் ஊரறியச் சொல்லுங்கள்.

பெற்றோரே! சோலைவரி கட்டும் நாம் கணக்குக் கேட்பது பகைமையன்று. பிள்ளையைத் தடுக்காதீர்கள், விண்ணப்பத்தை வாசித்துத் திருத்திக் கொடுங்கள்.

சபையிடம் கேட்கும் நாம், நமது பள்ளிவாசலின் வரவு செலவையும் அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம். தன் கணக்கை மறைப்பவனுக்குப் பிறர் கணக்கைக் கேட்க வாய் வராது.

அந்தத் தந்தையிடமும் இதையே சொன்னேன். மறுவாரம் மகனுடன் அவரும் சபைக்குச் சென்றார்.

அமானிதத்தைப் பேணுவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.