வேற்று மண்ணில் ஓடிய ஆட்டம்

(கொல்லிமலை, செம்மேட்டில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்திருக்கிறீர்கள். பாதிப் பேர் முகம் இன்னும் தெளியவில்லை. அதனால் கனமான விஷயம் எதுவும் பேசப் போவதில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "என்னடா இது, நாற்பதை நெருங்குகிற வயதில் விளையாட்டா?" என்று பேராசிரியர்கள் பார்ப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. நான் டிகிரி வாங்கினதுக்கும் இந்த விளையாட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

நான் இந்த மலைக்காரன். வளப்பூர் நாடு. அப்பாவுக்கு மிளகும் காப்பியும் கொஞ்சம் மரவள்ளியும். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து 2010-இல் நம் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் நாள் வகுப்பில் ஐந்து மணி நேரம் இங்கிலீஷ். எனக்குப் புரிந்தது 'குட் மார்னிங்' மட்டும்தான். முதல் செமஸ்டரில் மூன்று அரியர்.

2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதில் எனக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் வீட்டில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். அதில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவானது. விண்டோஸ் பக்கம் எல்லோரும் போனார்கள், பாஸ் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நானும் பார்த்திருக்க மாட்டேன். ஆனால் இடம் போதவில்லை என்று எதையோ அழிக்கப் போய், விண்டோஸ் இருந்த பகுதியையே முழுசாக அழித்துவிட்டேன். யார் மேலும் குற்றமில்லை, என் கை செய்த வேலை. மிச்சம் இருந்தது பாஸ்.

அப்போது ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை என்றால் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம். 1999-இல் வெளிவந்த பழைய ஆட்டம்தான். எட்டுப் பேர் லேப்டாப்பை ஒரே வலையில் இணைத்து, ஆளுக்கொரு ராஜ்யம் கட்டிச் சண்டை போடுவார்கள். அந்த ஆட்டம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது, என்னிடம் இருந்ததோ லினக்ஸ். ஒரு சீனியர் அண்ணன்தான் சொன்னார்: "தம்பி, ஒயின் போட்டுப் பாரு, ஓடும்." வராந்தாவில் அவர் சொன்னதை வார்டன் கேட்டுவிட்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தது தனிக் கதை.

ஒயின் என்பது ஒரு மென்பொருள். 1993-இல் தொடங்கிய முயற்சி. அடுத்த ஆண்டிலிருந்து அலெக்ஸாந்தர் ஜூலியார் என்பவர் அதை முன்னின்று நடத்தி வருகிறார். 1.0 என்று எண் போட்டு வெளியிட 2008 வரை, பதினைந்து வருஷம் ஆயிற்று. அது எப்படி வேலை செய்கிறது என்று மாணவர்களுக்காகச் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு சமையல்காரர் நாமக்கல் கல்யாணத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமைப்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டாம். ஆனால் பழக்க தோஷத்தில், "இடப்பக்க அலமாரியில ரெண்டாவது டின்னை எடு" என்று சத்தம் போடுகிறார். இங்கே அலமாரியே கிடையாது. பக்கத்தில் நிற்கிற கையாள் விவரமானவன். இவர் கேட்பது துவரம்பருப்பு என்று அவனுக்குத் தெரியும். மூலையில் இருக்கும் மூட்டையிலிருந்து அள்ளி, ஒரு டின்னில் போட்டு நீட்டுகிறான். சமையல் நடக்கிறது. இது தன் ஊர் அடுப்படி இல்லை என்பதே அவருக்குத் தெரியாது.

அந்தக் கையாள்தான் ஒயின். விண்டோஸ் புரோகிராமும் லினக்ஸ் புரோகிராமும் ஒரே பிராசஸரில்தான் ஓடுகின்றன. கணக்குப் போடுவதில் வித்தியாசம் இல்லை. "இந்தக் கோப்பைத் திற, இந்தப் படத்தைத் திரையில் வரை" என்று இயங்குதளத்திடம் கேட்கும் முறைதான் வேறு. அந்தக் கேள்விகளை ஒயின் வாங்கி, லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கேட்டு, பதிலைத் திருப்பித் தருகிறது. முழு விண்டோஸையும் அது நடித்துக் காட்டுவதில்லை. 'ஒயின் ஒரு எமுலேட்டர் அல்ல' என்பதே அந்தப் பெயரின் விரிவு.

ஆட்டம் ஓடியது. ஒரு வேடிக்கை தெரியுமா? அதே ஆட்டம் விண்டோஸ் 7-இல் நிறம் மாறித் தெரியும், தண்ணீரும் புல்லும் ஊதா அடிக்கும் என்று அப்போது விளையாடிய எல்லோருக்கும் தெரியும். என் லினக்ஸில் புல் பச்சையாகவே இருந்தது. பெருமையாக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போனேன். வலையில் இணைக்கும்போதுதான் சிக்கல். என் பெயர் யார் திரையிலும் வரவில்லை.

"மாப்ள, உன் பேரு லிஸ்ட்லயே இல்லடா. நீ ரூம்ல தனியா ஆடிக்க" என்றான் ஒருவன். அவன் கேலியாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் ஒன்றரை வருஷமாக வகுப்பிலும் மெஸ்ஸிலும் நான் இருந்த நிலையை அந்த ஒரு வார்த்தை சொல்லிவிட்டது. அன்று ராத்திரியே அப்பாவுக்கு போன் போட்டேன். "நா ஊருக்கே வந்துடறேம்ப்பா." அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வா. பரீட்சைய மட்டும் எழுதிட்டு வா" என்றார்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. படிக்க மனம் போகவில்லை. சும்மா கருப்புத் திரையைத் திறந்து, அந்த ஆட்டத்தை அங்கிருந்து ஓட்டிப் பார்த்தேன். வரி வரியாக இங்கிலீஷ் கொட்டியது. நிறைய வரிகள் 'ஃபிக்ஸ்மீ' என்று தொடங்கின. 'என்னைச் சரிசெய்' என்று அர்த்தம். ஒயினில் இன்னும் முழுசாக எழுதப்படாத பகுதி எதையாவது ஆட்டம் கேட்டால் அந்த வரி வரும். நூற்றுக்கணக்கில் வந்தது. ஆனாலும் ஆட்டம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது! இத்தனை குறை இருந்தும் ஒன்று ஓடலாம் என்று எனக்கு அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு ராத்திரி அந்த வரிகளைப் படித்தேன். நூறு குறையில் ஆட்டத்தை நிறுத்துகிற குறை ஒன்றே ஒன்றுதான். பல பேர் சேர்ந்து ஆட இந்த ஆட்டம் நாடுவது டைரக்ட்பிளே என்கிற நூலகம். அப்போதைய ஒயினில் அது அரைகுறையாகத்தான் எழுதப்பட்டிருந்தது. மைக்ரோசாஃப்டின் அசல் நூலகத்தை அந்த இடத்தில் வைத்து, "இதையே பயன்படுத்து" என்று ஒயினிடம் சொல்லிவிட வேண்டும். அதற்கு வைன்ட்ரிக்ஸ் என்று ஒரு கருவி உண்டு. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஏறக்குறைய நூறு எம்.பி. கோப்பைப் பென் டிரைவில் இறக்கி வந்தேன்.

அடுத்த ஞாயிறு எட்டுத் திரையிலும் என் பெயர் வந்தது. இருபது நிமிஷத்தில் என் ராஜ்யத்தை அழித்துவிட்டார்கள், அது வேறு விஷயம். நான் ஊருக்குத் திரும்பவில்லை. மூன்று அரியரில் இரண்டை அந்த முறையே முடித்தேன். மூன்றாவது கடைசி வருஷம் வரைக்கும் கூட வந்தது. எல்லாமே புரியவில்லை என்று புத்தகத்தை மூடுவதை மட்டும் விட்டுவிட்டேன். எந்த வரியில் நிற்கிறது என்று தேடப் பழகினேன். இன்றைக்கு என் சம்பளமும் அதற்குத்தான்.

உலகமும் அந்தப் பக்கம் வந்தது. 2018-இல் வால்வ் நிறுவனம் ஒயினை அடித்தளமாக வைத்து புரோட்டான் என்பதை வெளியிட்டது. 2022-இல் ஸ்டீம் டெக் என்ற கைக்கருவி வந்தது. உள்ளே லினக்ஸ்தான். விண்டோஸுக்காக எழுதிய ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் அதில் ஓடுகின்றன. எல்லாம் ஓடும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஏமாற்றுத் தடுப்பு என்ற பெயரில் விண்டோஸின் அடிவயிற்றிலேயே உட்காரக் கேட்கிற ஆட்டங்களுக்கு ஒயினால் பதில் சொல்ல முடியாது. சில கதவு திறக்காது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

போன பொங்கலுக்கு இதே செம்மேட்டில் என் அக்கா மகனுக்கு அந்த ஆட்டத்தின் புதிய பதிப்பைக் காட்டினேன். 2022-இல் அதில் திராவிடர் என்ற இனத்தைச் சேர்த்து, ராஜேந்திர சோழன் கதையையும் வைத்திருக்கிறார்கள். லினக்ஸில்தான் ஓட்டினோம். "மாமா, வல்வில் ஓரி இல்லியா?" என்று கேட்டான். "நீ படிச்சு வந்து சேத்துக்க" என்றேன்.

தம்பி தங்கைகளே, வகுப்பில் புரியாத வரி நூறு வரும். எல்லாவற்றையும் பார்த்துப் பயப்படாதீர்கள். உங்களை நிறுத்துவது எது என்று மட்டும் தேடுங்கள்.

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு விண்ணப்பம். இன்றும் தமிழ் வழியில் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக நம் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சமைக்கத் தெரியும். பருப்பு எங்கே இருக்கிறது என்றுதான் தெரியாது. முதல் செமஸ்டர் முழுவதும் சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். பாடம் நடத்த வேண்டாம், கேட்கிற கேள்வியைத் தமிழில் வாங்கிப் பதில் சொன்னால் போதும். நான் வருகிறேன். இன்னும் ஒன்பது பேர் வேண்டும். சாப்பாட்டுப் பந்தி பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கீழே இறங்குவதற்கு முன் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.