தொழிலிடத்தில் சாமிக்கும் இடமுண்டு

பூண்டுலோயாவின் மேல்மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்திருக்கும் தாய்மாரே, தோழர்களே!

பன்மைத்துவம் பற்றிக் கம்பனிகள் இன்று பேசுகின்றன. இனம் பார்க்கமாட்டோம், ஆண் பெண் பார்க்கமாட்டோம் என்கின்றன. வரவேற்கிறோம். ஆனால் தொழிலாளியின் நம்பிக்கைக்கு அங்கே என்ன இடம்?

நம் முன்னோர் யாரிடமும் கேட்காமல் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் ரோதைச் சக்கரம் சுற்றுமிடத்தில் ரோதமுனியைக் கும்பிட்டார்கள். தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தொடுமுன் கவ்வாத்துச்சாமியைக் கும்பிட்டார்கள். கை போனால் கேட்க நாதியில்லாத காலத்தில், கூலிக்காரன் உயிருக்கும் ஒரு காவல் உண்டு என்ற தைரியத்தை அந்தச் சாமிகள் தந்தன. தோட்டத் துரை கொடுத்த சாமிகள் அல்ல. வேலையிலேயே பிறந்த சாமிகள்!

நம்பிக்கைக்கு இடம் தருவதில் இலங்கையே ஒரு பாடம் கற்றது. 1966இல் இந்த நாடு ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டுப் பௌத்தர்களின் போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. ஞாயிறு பூசைக்குப் போகும் கிறிஸ்தவர் வேலைக்கும் கோயிலுக்கும் நடுவே தவித்தார். 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. பௌர்ணமிப் போயாவும் விடுமுறையாக நிலைத்தது. ஒருவருக்குக் கொடுக்க இன்னொருவரிடம் பறிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

1978 அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மத சுதந்திரம் தருகிறது; 14ஆம் உறுப்புரை வழிபடும் சுதந்திரம் தருகிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரச நிருவாகத்துக்கு எதிராகத்தான் நிற்கும். பெருந்தோட்டங்களின் நிர்வாகமோ 1992இல் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. ஆகவே நமக்கு வாய்வார்த்தை போதாது. எழுதிய விதி வேண்டும்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழா நாள் ஆண்டுத் தொடக்கத்திலேயே வேலை நாட்காட்டியில் ஏறட்டும். அன்று தேர் இழுப்பவருக்கும் நாட்சம்பளத்துக்கான பேர் விழட்டும். ஜும்மாவுக்குப் போகும் சகோதரருக்கு வெள்ளி நண்பகல் கிடைக்கட்டும். கொழும்புக் கடைகளில் நிற்கும் நம் பிள்ளைகளை நெற்றித் திருநீற்றை அழிக்கச் சொல்லும் அதிகாரம் எந்த முதலாளிக்கும் வேண்டாம். சாமி கும்பிடாதவரைப் பூசைக்கு இழுக்கும் அதிகாரமும் வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ரோதமுனிக்குப் படையல் வைக்க அனுமதித்துவிட்டு, இயந்திரத்துக்குப் பாதுகாப்பு மூடி போடாத நிர்வாகம் நம்பிக்கையை மதிக்கவில்லை. அதன் பின்னால் ஒளிகிறது. சாமியும் வேண்டும், மூடியும் வேண்டும், நியாயமான சம்பளமும் வேண்டும்.

தொழிற்சங்கத் தலைவர்களே, அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது சம்பளக் கோரிக்கையோடு இந்தக் கோரிக்கைகளையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கையெழுத்தோடு திரும்பி வாருங்கள்!