நாராமுரப்

 

இந்த நூலக வார விழாவில் சங்கேத மொழியைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பேசுங்கள் என்றார்கள். அதைப் பேச நம்ம ஊரை விடப் பொருத்தமான ஊர் எது? தாராபுரத்துக்கு விராடபுரம் என்று ஒரு பேர் உண்டு. பாண்டவர்கள் ஒரு வருஷம் தலைமறைவாக இருந்தது இங்கேதான் என்பது நம் பெரியவர்களின் நம்பிக்கை. அந்த ஒரு வருஷத்துக்கு ஐந்து பேரும் ஜயன், ஜயந்தன், விஜயன், ஜயத்சேனன், ஜயத்பலன் என்று தங்களுக்குள் மட்டும் கூப்பிட்டுக்கொள்ள ரகசியப் பேர் வைத்துக்கொண்டார்கள்.

அதற்கும் முன்னால், அரக்கு மாளிகை இருந்த ஊருக்கு அவர்கள் கிளம்பும்போது விதுரர் தருமரிடம் பூடகமாக ஒன்று சொல்கிறார். காட்டையே எரிக்கிற தீ, வளைக்குள் இருக்கிற பிராணியைத் தொடாது என்கிற மாதிரிப் பேச்சு. பக்கத்தில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. தருமருக்கு மட்டும்தான் விளங்கியது. குந்திக்கே விளங்காமல், அப்புறம் மகனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

இந்த வித்தையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணபுரம் சந்தைக்கு அப்பாவோடு போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கையின் மேல் போடுவார். உள்ளே விரலைப் பிடிப்பார். மூன்று விரலைப் பிடித்தால் மூன்று. முப்பதாயிரமா மூவாயிரமா என்று கேட்கவே வேண்டாம், மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். காளைக்காரர் தலையை ஆட்டி, இன்னொரு விரலைச் சேர்த்துப் பிடிப்பார். சுற்றி இருபது பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு பேருக்குத்தான் வெளிச்சம். அந்தக் காலப் பொற்கொல்லர்கள் தங்கத்தைப் ‘பறி’ என்று சொன்னதை நன்னூல் உரைக்காரர்கள் குழூஉக்குறி, அதாவது ஒரு கூட்டத்துக்குள் மட்டும் விளங்கும் சொல் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் எதிரிலேயே பேசலாம் பாருங்கள்!

சேதியை ஒளித்து வைப்பது வேறு, உருமாற்றுவது வேறு. இந்த வித்தியாசத்துக்கு நம் சீமையிலேயே ஒருவர் உயிரைக் கொடுத்திருக்கிறார் என்பார்கள். 1805-ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டாரே தீரன் சின்னமலை, அவருக்குக் கும்பினிப் படைக்குள் இருந்து உளவு சொன்னவர் வேலப்பன். கடிதத்தைச் செருப்புக்குள் வைத்துத் தைத்து அனுப்புவாராம். வெள்ளைக்காரர்கள் சின்னமலையின் ஓடாநிலைக் கோட்டைக்குள் புகுந்தபோது ஆள் இல்லை, செருப்பு மட்டும் கிடந்தது. பிரித்தார்கள். உள்ளே இருந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் எவனும் படித்துவிடலாம். வேலப்பனைச் சுட்டுவிட்டார்கள் என்று முடிகிறது அந்தக் கதை.

அந்த எழுத்தை உருமாற்றி எழுதியிருந்தால்? மூலதேவன் பேரால் வடமொழியில் ஒரு பழைய முறை உண்டு. எழுத்துகளைச் சோடி சேர்த்து ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடுவது. தமிழில் சோடி தேடவே வேண்டாம், இலக்கணமே சேர்த்து வைத்திருக்கிறது. க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன. வல்லினம் வந்தால் மெல்லினம், மெல்லினம் வந்தால் வல்லினம். இடையினத்தைத் தொடாதீர்கள். இப்போது தாராபுரம் என்று எழுதுங்கள். தா, நா ஆகும். பு, மு ஆகும். கடைசி ம், ப் ஆகும். நாராமுரப்! பஸ்ஸில் இந்தப் பலகையை மாட்டினால் ஒருத்தரும் ஏறமாட்டார்கள்.

ஆனால் உங்கள் தமிழாசிரியர் கையில் கிடைத்தால் உடைத்துவிடுவார். தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. கப், கேக் எல்லாம் கடன் வாங்கினவை, அவற்றை விடுங்கள். கடைசியில் ‘ப்’ நிற்கிறதே, இது ஏதோ மாறுவேஷம் என்று அங்கேயே பிடித்துக்கொள்வார். பாக்தாதில் 9-ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தி இதையே கணக்காகச் செய்தார். ஒரு மொழியில் எந்த எழுத்து அதிகம் வரும் என்று எண்ணு; ரகசியக் கடிதத்தில் எது அதிகம் வருகிறது என்று எண்ணு; இரண்டையும் பொருத்து.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்காரர்கள் எனிக்மா என்கிற இயந்திரத்தை நம்பினார்கள். 1932-லேயே போலந்துக் கணித அறிஞர் மரியன் ரெயெவ்ஸ்கி அதன் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார். பின்னால் இங்கிலாந்தில் ஆலன் டூரிங் கூட்டத்தார் தொடர்ந்தார்கள். அந்த இயந்திரத்தில் ஒரு குறை: எந்த எழுத்தும் திரும்ப அதே எழுத்தாக வரவே வராது. ஜெர்மன் வானிலைச் சேதியில் ‘வானிலை’ என்ற சொல் எப்படியும் இருக்கும். அந்தச் சொல்லைச் சேதியின் அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே போவார்கள்; ஒரே ஒரு எழுத்து மேலும் கீழும் ஒத்துப்போனாலும் அது அந்த இடம் இல்லை, தள்ளு! இயந்திரம் என்னவோ பிரமாதம்தான். தினமும் ஒரே மாதிரிச் சேதி அனுப்பின மனுஷர்களுடைய பழக்கம்தான் காட்டிக்கொடுத்தது.

சரி, நான் பேசினது போதும். தாளை எடுங்கள் கண்ணுகளா. ஒரு வரி சொல்கிறேன். ‘அணியில்’ என்று ஒரு சொல் வரும், நல்ல தமிழ் மாதிரியே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அம்மா அப்பாவைக் கேட்கக்கூடாது. எழுதிக்கொள்ளுங்கள்:

மரிஞு பேஞைங்ஙு அணியில் இருங்ஙு.