ஏறின கியரிலேயே இறங்குங்கள்

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஏறின கியரில்தான் இறங்கணும் என்பார்கள் மலை ஓட்டுநர்கள். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியால் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்த முடியாது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும்.

அப்படி ஆனால் பெடலை விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள். கொஞ்சம் அழுத்தம் திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், பட்டனை அழுத்தியபடி சிறிது சிறிதாக இழுங்கள். ஓடும்போது சாவியை மட்டும் திருப்பிவிடாதீர்கள்; ஸ்டியரிங் கனத்துவிடும், பூட்டிக்கொள்ளவும் கூடும். வேறு வழியே இல்லையென்றால் மலைப்பக்கம் உரசவிடுங்கள். வண்டி நசுங்கினால் நசுங்கட்டும்.

நின்றதும் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வண்டிக்கு முன்னால், இறக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம். சூடான பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடக்கூடும். ஆறியபின் பெடல் கெட்டியாகத் தோன்றும். அதை நம்பிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், தயவுசெய்து. மீட்பு வண்டி வரட்டும்.